ஐந்து லத்தீன் நடனங்கள்: முதலில் எதைக் கற்பது?

போட்டிக்கான லத்தீன் நடனத்தைக் கற்க வருவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தடுக்கி நிற்கிறார்கள். சர்வதேசப் பாணியில் சாம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் என ஐந்து நடனங்கள் உள்ளன. வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரமே ஒதுக்க முடிகிற ஒருவர் ஐந்தையும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்டால், ஓராண்டு கழித்தும் ஐந்திலும் அரைகுறையாகவே இருப்பார். ஒன்றிரண்டை மட்டும் எடுத்து ஆழமாகப் போகலாம் என்றால், எந்த ஒன்றிரண்டு என்பது விளங்குவதில்லை.

காணொளிகளைப் பார்த்து மனத்துக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். அந்த வழி பலரை ஏமாற்றுகிறது என்பது என் கருத்து. ஒரு நடனம் எந்த ஊரில், எந்த இசைக்கு, எவ்வளவு இடத்துக்குள் பிறந்தது என்பதுதான் அது நம் உடலிடம் என்ன கேட்கும், பயிற்சிக்கு என்ன செலவு வைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. லத்தீன் என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தாலும், இவற்றில் இரண்டு கியூபாவைச் சேர்ந்தவை. ஒன்று பிரேசிலைச் சேர்ந்தது. ஒன்று ஸ்பானிய இசையை வைத்துப் பிரான்சில் உருப்பெற்றது. மற்றொன்று நியூயார்க்கின் கறுப்பினத்தவர் பகுதியில் தோன்றி இங்கிலாந்தில் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆகவே, பிறப்பையும் பாணியையும் சேர்த்து வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது?

முதன்மையான அளவுகோல், ஒரு நடனத்தில் போட்ட உழைப்பு மற்ற நான்கிற்கும் எவ்வளவு கைகொடுக்கும் என்பதாகும். ஐந்து நடனப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஒவ்வொரு நடனத்திலும் பெற்ற இடங்களைக் கூட்டியே முடிவு அறிவிக்கும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒன்றில் மட்டும் சிறந்து விளங்கி மற்றவற்றில் சரிந்தால் பயனில்லை. எனவே தொடக்கத்தில் கற்பது, பின்னால் வருவதற்கு அடித்தளமாக அமைய வேண்டும்.

இரண்டாவது, இடம். சில நடனங்கள் நின்ற இடத்தைச் சுற்றியே நிகழ்பவை. சில, அரங்கத்தை வலம் வருபவை. வீட்டுக் கூடத்தில் பயிற்சி செய்ய முடியுமா, அல்லது ஒவ்வொரு முறையும் பெரிய தளத்தை வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்பது இதனால் தீர்மானமாகிறது. மறைமுகச் செலவுகளில் பெரியது இதுதான். சேர்ந்த பிறகே பலருக்கு இது தெரியவருகிறது. காலணியைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை. மென்தோல் அடிப்பாகம் கொண்ட ஒரே ஜோடி ஐந்துக்கும் போதும்.

மூன்றாவது, உடலின் மீது விழும் சுமை. நான்காவது, இசையைக் காதால் பிடிப்பது எவ்வளவு எளிது என்பது. ஐந்தாவதாக, போட்டிக்கு வெளியே, விருந்திலோ நடனக்கூடத்திலோ அது பயன்படுமா என்பதையும் பார்க்க வேண்டும். போட்டியாளராக நீடிக்காதவர்களே அதிகம் என்பதால் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

| நடனம் | வேர் | நிமிடத்துக்குத் தட்டுகள் | நகர்வு | தனியாகப் பயிலும் வாய்ப்பு |
|---|---|---|---|---|
| ரும்பா | கியூபா | 100–108 | இடத்திலேயே | மிக அதிகம் |
| சா-சா-சா | கியூபா | 120–128 | இடத்திலேயே | அதிகம் |
| சாம்பா | பிரேசில் | 100–104 | அரங்கத்தைச் சுற்றி | ஓரளவு |
| பாசோ டோப்ளே | ஸ்பெயின், பிரான்ஸ் | 120–124 | அரங்கத்தைச் சுற்றி | குறைவு |
| ஜைவ் | அமெரிக்கா | 168–176 | இடத்திலேயே | அதிகம் |

இந்த எண்கள் போட்டிகளில் பின்பற்றப்படும் வேக வரம்புகள். ரும்பாவும் சாம்பாவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று ஆறப்போட்டது போலவும் மற்றொன்று துள்ளலாகவும் தோன்றுவதற்குக் காரணம், ஒவ்வொரு தட்டையும் அவை உள்ளே எப்படிப் பிரிக்கின்றன என்பதுதான்.

## ரும்பா

போட்டி ரும்பாவைக் கியூபாவின் நாட்டார் ரும்பாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹவானாவிலும் மத்தான்சாஸிலும் ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் பறைகளுக்கு ஆடும் யாம்பூ, குவாகுவாங்கோ, கொலம்பியா ஆகியவையே அங்கு ரும்பா. 2016-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றதும் அதுவே. நாம் அரங்கில் காணும் நடனமோ, சோன், பொலேரோ ஆகிய மெதுவான இசை வடிவங்களுக்குக் கியூப மக்கள் ஜோடியாக ஆடியதிலிருந்து வந்தது. 1930-களில் கியூப இசை அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் ஆட்கொண்டபோது அதுவும் ரும்பா என்ற பெயரிலேயே விற்பனையாயிற்று. பிறகு இலண்டனில் நடனம் கற்பித்த மான்சியர் பியரும் அவருடைய துணைவர் டோரிஸ் லாவெல்லும் கியூப முறையை நேரில் கற்று வந்து பரப்பினர். சதுரமாக அடிவைக்கும் பழைய முறையா, இரண்டாம் தட்டில் முன்னேறும் கியூப முறையா என்று 1950-களில் ஆசிரியர்களிடையே கடுமையான சண்டை நடந்து, சர்வதேசப் பாணியில் கியூப முறையே நிலைத்தது.

அந்தச் சண்டையின் விளைவை இன்றைய மாணவர் முதல் வகுப்பிலேயே சந்திக்கிறார். அடிகள் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய தட்டுகளில் விழுகின்றன. முதல் தட்டில் புதிய அடி எதுவும் இல்லை. கர்நாடக இசையில் அனாகத எடுப்பில், அதாவது தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்கும்படி, அமைந்த கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது எளிதில் பிடிபடும். மற்றவர்களுக்குச் சில வாரங்கள் ஆகும். நான்காம் தட்டில் வைத்த கால் அடுத்த சுற்றின் முதல் தட்டு முடியும்வரை தரையிலேயே ஊன்றியிருக்கிறது. ஆனால் உடல் நிற்பதில்லை. பாதத்தின் முன்பகுதி முதலில் தரையைத் தொட, குதிகால் இறங்க, முழங்கால் நேராக, எடை முழுவதும் அந்தக் காலுக்கு மாறும்போது இடுப்பு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் சென்று அமர்கிறது. இடுப்பைத் தனியே ஆட்டுவது என்பது ரும்பாவில் கிடையாது. கால் செய்யும் வேலையின் விளைவாகவே அது நகர வேண்டும். இதை உணராமல் ஆடுபவரை நடுவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.

முதல் அளவுகோலில் ரும்பாவுக்கு நிகர் இல்லை. எடைமாற்றம், நேரான முழங்கால், பாதத்தின் பயன்பாடு, இணையின் கை வழியாகச் செல்லும் அழுத்தம் என லத்தீன் உத்தியின் இலக்கணம் முழுவதையும் நிதானமாகக் காணக் கிடைக்கும் இடம் இது. ஃபேன், ஹாக்கி ஸ்டிக், அலெமானா, நியூயார்க் போன்ற அடிக்கோவைகள் அப்படியே சா-சா-சாவுக்கும் செல்கின்றன. வீட்டில் ஒரு கண்ணாடியும் நான்கடி நீளமும் இருந்தால் நடைப்பயிற்சியைத் தனியாகச் செய்யலாம்.

மறைந்திருக்கும் விலை, பொறுமை. பல மாதங்கள் நடந்து பழகிய பின்னும் பார்ப்பவர்களுக்கு நீங்கள் நடப்பதாகவே தோன்றும். மெதுவான வேகம் ஒவ்வொரு குறையையும் வெளிச்சம் போட்டுக் காட்டுவதால், குழு வகுப்பு மட்டும் போதாமல் தனிவகுப்புக்குச் செலவழிக்க நேரிடும். முழங்காலை நேராக்குவதற்குப் பதில் பின்னோக்கி இறுக்கும் பழக்கம் வந்துவிட்டால் மூட்டு வலியும் சேரும். ஆயினும், இரண்டாண்டுக்கு மேல் இத்துறையில் இருக்க விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் நடனம் இதுதான்.

## சா-சா-சா

ஹவானாவின் ஒர்கெஸ்தா அமெரிக்கா குழுவில் வயலின் வாசித்த என்ரிக்கே ஹொர்ரீன், 1950-களின் தொடக்கத்தில் தான்சோன்-மாம்போ இசையின் சிக்கலான தாளப்போக்கில் மக்கள் தடுமாறுவதைக் கண்டு, ஆடுவதற்கு எளிதாக இருக்கும்படி மெட்டை அமைத்தார். சாதாரண மக்கள் ஆட வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்ட இசை இது. ஆடுவோரின் பாதங்கள் தரையில் உரசிய ஓசையே நடனத்துக்குப் பெயராயிற்று. 1952-இல் கியூபா சென்ற பியர், மூன்று குறுநடை கொண்ட இந்த ஆட்டத்தை அங்கே கண்டு, இலண்டனில் தனி நடனமாகக் கற்பிக்கத் தொடங்கினார்.

அந்தப் பிறப்பின் இயல்பு இன்னும் மாறவில்லை. இசையைக் காதால் பிடிக்கவும், மூன்றாம் வகுப்பிலேயே ஆடுகிறோம் என்ற மகிழ்ச்சியைப் பெறவும் ஐந்தில் இதுவே எளியது. தொடக்கநிலைப் போட்டிகளில் இது ஏறக்குறைய எப்போதும் இடம்பெறும். கியூப இசை ஒலிக்கும் சமூக நடனக்கூடங்களிலும் கைகொடுக்கும். சல்சா பக்கம் போக விரும்புபவருக்கும் பாதி வழி ஆகிவிடும்.

ஆனால் எளிமையே இதன் பொறி. நான்கு தட்டுகளுக்குள் ஐந்து அடிகள் வைக்க வேண்டியிருப்பதால், முழங்கால் நேராகாமலேயே அடுத்த அடிக்குத் தாவிவிடலாம். வேகம் அக்குறையை மறைத்துவிடும். ஓராண்டு இப்படி ஆடியவர் பிறகு ரும்பாவுக்கு வரும்போது, புதியவரைவிட மெதுவாகவே கற்கிறார், ஏனெனில் பழகிய தவறை முதலில் அழிக்க வேண்டியிருக்கிறது. அனைவரும் ஆடும் நடனம் என்பதால் போட்டியில் கூட்டமும் அதிகம். முதல் சுற்றுகளில் நடுவர் கண்ணில் படுவதே பாடாகிவிடும். ரும்பாவோடு சேர்த்துக் கற்றால் இந்தக் குறைகள் பெருமளவு நீங்குகின்றன. தனித்து, அதுவும் விரைவில் மேடையேறும் நோக்கத்தில் கற்பவர் மட்டுமே இந்த விலையைக் கொடுக்க நேரும்.

## சாம்பா

இந்த ஐந்தில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவதும், கற்பதற்கு மிகக் கடினமானதும் சாம்பாதான். பிரேசிலின் பாயியா பகுதியில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வட்டநடனம் அதன் வேர். அந்த வட்டச் சாம்பாவை 2005-இல் யுனெஸ்கோ மானுட மரபாக அறிவித்தது. பாயியாவிலிருந்து ரியோ டி ஜெனீரோவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் வீட்டு முற்றங்களில் நகர்ப்புறச் சாம்பா உருவாகி, டோங்கா என்ற இசைக்கலைஞரின் பெயரில் பதிவான பாடல் வழியாக 1917 கார்னிவலில் பரவியது. 1920-களின் இறுதியில் சாம்பாப் பள்ளிகள் எழுந்தன. 1930-களின் ஹாலிவுட் படங்களும் 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியின் பிரேசில் கூடமும் அதை வடக்கே கொண்டுசென்றன. போட்டியில் ஆடுவது, இவற்றோடு மஷீஷி என்ற பழைய ஜோடி நடனத்தின் சாயலும் கலந்து ஐரோப்பிய ஆசிரியர்கள் தொகுத்த வடிவம். ரியோ வீதியில் தனியாக ஆடப்படும் விரைவான காலாட்டத்திலிருந்து அது வெகுதூரம் விலகியது.

விலகினாலும், ஊர்வலத்தில் வளர்ந்த நடனம் என்பதை அது மறக்கவில்லை. அரங்கத்தை வலம் வந்தபடியே ஆட வேண்டும். கணுக்காலும் முழங்காலும் மடங்கி நிமிர்வதால் உண்டாகும் பவுன்ஸ் அதன் உயிர்மூச்சு. அடிப்படை அடிக்கோவையில் முதல் அடி ஒரு தட்டின் முக்கால் பங்கும், இரண்டாவது கால் பங்கும், மூன்றாவது ஒரு முழுத் தட்டும் எடுத்துக்கொள்ளும். அந்தக் கால் பங்கை அரைப் பங்காக நீட்டிவிட்டால் சாம்பா உடனே செத்துவிடுகிறது. இது போதாதென்று, வோல்ட்டா, விஸ்க் ஆகிய அடிக்கோவைகளில் பவுன்ஸ் வேண்டும். பிளைட் போன்றவற்றில் கூடாது. தாளப்பிரிவும் அடிக்கோவைக்கு அடிக்கோவை மாறுகிறது. ரும்பாவில் ஓர் இயக்கத்தை ஆழப்படுத்துகிறோம் என்றால், சாம்பாவில் ஏழெட்டு இயக்கங்களுக்கிடையே நொடியில் தாவக் கற்கிறோம்.

செலவும் அதிகம். சிறிய அறையில் வோல்ட்டாவின் நின்ற வடிவத்தைப் பழகலாம். ஆனால் சாம்பாவைச் சாம்பாவாக ஆடப் பெரிய தளமும், அதில் மற்ற ஜோடிகளும் வேண்டும். கூட்டத்தில் மோதாமல் பாதையை மாற்றத் தெரிவதும் இதில் ஒரு திறமை. அது தனியறையில் வராது. கீழ்முதுகில் வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. நல்ல ஆசிரியர் கிடைப்பதும் அரிது, ஏனென்றால் படிகளைச் சொல்லிக்கொடுப்பவர் பலர் இருந்தாலும் பவுன்ஸைத் திருத்தத் தெரிந்தவர் சிலரே. பிரேசிலுக்குச் சென்றால் ஜோடியாக ஆடத் தேவைப்படுவது காஃபியேரா என்னும் வேறொரு பாணி என்பதால், வெளிப்பயனும் நினைப்பதைவிடக் குறைவு.

இவ்வளவும் சொன்ன பிறகும், நீண்டகாலம் போட்டியிட எண்ணும் இளைஞர்கள் சாம்பாவைத் தள்ளிப்போடக் கூடாது என்றே நினைக்கிறேன். ஊறுவதற்குக் காலம் தேவைப்படும் நடனம் இது. இரண்டாம் ஆண்டிலேயே விதைத்தவருக்கு ஐந்தாம் ஆண்டில் பலன் தெரியும். நாற்பது வயதுக்குப் பின் பொழுதுபோக்காக வருபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

## பாசோ டோப்ளே

காளைப்போர் அரங்கில் வீரர்கள் நுழையும்போது ஒலிக்கும் அணிவகுப்பு இசைக்கு ஆடப்படுவது பாசோ டோப்ளே. ஆண் மத்தடோர் எனப்படும் காளைப்போர் வீரன், பெண் பெரும்பாலும் அவன் கையிலுள்ள மேலங்கி, சில இடங்களில் காளை, சில இடங்களில் ஃபிளமென்கோ ஆடுபவள். ஸ்பானியக் கதையாக இருந்தாலும் போட்டி வடிவம் பிரான்சில்தான் செப்பனிடப்பட்டது. ஸுர் பிளாஸ், அப்பெல், கூ தெ பீக் என அடிகளின் பெயர்கள் இன்றும் பிரெஞ்சிலேயே வழங்குகின்றன.

மற்ற நான்கிலும் கற்றது இங்கே பெரும்பாலும் செல்லுபடியாகாது. இடுப்பசைவு வேண்டாம். முன்னோக்கிய நடையில் குதிகால் முதலில் விழுகிறது. மார்பு உயர்ந்து, இடுப்பெலும்பு முன்தள்ளி, முதுகுத்தண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். இதனால் இரு வகையினருக்கு இது வரப்பிரசாதம்: இடுப்பை அசைக்கக் கூச்சப்படும் ஆண்கள், வால்ட்ஸ், டாங்கோ போன்ற ஸ்டாண்டர்ட் நடனங்களில் பயின்று நிமிர்வும் நடையும் கைவரப்பெற்றவர்கள்.

இசையிலும் ஒரு தனித்தன்மை உண்டு. பாஸ்குவால் மார்கீனா 1920-களில் இயற்றிய 'எஸ்பான்யா கான்யீ' என்ற இசைக்கோவையே போட்டிகளில் அளவுகோலாகிவிட்டது. அதில் மூன்று உச்சங்கள் உண்டு. பெரும்பாலான சுற்றுகளில் இரண்டாவது உச்சம்வரை ஆடினால் போதும். அந்த உச்சங்கள் எங்கே விழும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், அங்கே சிலைபோல் நிற்கும்படி ஆட்டத்தை முன்கூட்டியே அளந்து அமைக்கிறார்கள். அரை நொடி பிசகினாலும் அரங்கம் முழுவதும் அறிந்துவிடும். ஆகவே பாசோவுக்கென்று தனியாக ஒரு நடன அமைப்பைக் கட்டணம் கொடுத்து வாங்கி, அதை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. மற்றவற்றைப் போல இசைக்கேற்பச் சமாளிப்பது இங்கே நடக்காது. பெண்ணுக்கு விசிறும் பாவாடை, ஆணுக்குக் குட்டைச் சட்டை என உடைக்கும் தனிச் செலவு சேரலாம். அப்பெல் என்ற தரை மிதிப்பை அடுக்குமாடி வீட்டில் பழகினால் கீழ்வீட்டாரின் புகார் நிச்சயம்.

பல தொடக்கநிலைப் பிரிவுகளில் பாசோ இடம்பெறுவதே இல்லை. ஸ்பானிய ஊர்த் திருவிழாக்களில் முதியவர்கள் எளிய பாசோ டோப்ளேயை இன்றும் ஜோடியாக ஆடுகிறார்கள். அதற்கு வெளியே விருந்துகளில் இதற்கு இடமில்லை. எனவே மூன்றாம் ஆண்டுக்கு முன் இதில் பணம் போடுவது வீண். காளைப்போர் என்ற கருப்பொருளே மனத்துக்கு ஒவ்வாதவர்களும் உண்டு. ஐந்து நடனப் பிரிவுக்குப் போனால் இதைத் தவிர்க்க முடியாது என்பதை அவர்கள் முன்பே எண்ணிப்பார்ப்பது நல்லது.

## ஜைவ்

நியூயார்க்கின் ஹார்லெமில் 1926-இல் திறக்கப்பட்ட சவோய் நடனக்கூடத்தில் கறுப்பின இளைஞர்கள் வளர்த்த லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனத்தின் வழித்தோன்றல் ஜைவ். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுடன் கடல் கடந்து இங்கிலாந்து வந்தது. அங்குள்ள ஆசிரியர்கள் அதன் கட்டற்ற தாவல்களைக் களைந்து இறுக்கமான வடிவம் கொடுத்தனர். 1968-இல் ஐந்தாவது நடனமாகச் சேர்ந்தது.

அதன் அடிப்படைக் கோவை ஆறு தட்டுகளில் எட்டு அடிகள். போட்டி வேகத்தில் இது ஏறத்தாழ இரண்டு நொடிகளில் முடிந்துவிடும். அதே நேரத்தில் ரும்பாவில் மூன்று அடிகளே வைத்திருப்போம். அதுவும், போட்டி வரிசையில் ஜைவ் கடைசியாக வருகிறது. ஒவ்வொன்றும் குறைந்தது ஒன்றரை நிமிடம் என நான்கு நடனங்களை ஆடி முடித்த கால்களோடு இதைத் தொடங்க வேண்டும். எனவே ஜைவைக் கற்பது என்பதில் பாதி, மூச்சையும் கெண்டைக்காலையும் வளர்ப்பதுதான். குதிகால் தசைநாணில் வலி உள்ளவர்களும், திடீரென்று உடற்பயிற்சிக்குத் திரும்புபவர்களும் மெதுவான பாட்டில் தொடங்கி மாதக்கணக்கில் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

விருந்துகளில் ராக் அண்ட் ரோல் பாட்டு ஒலித்தால் உடனே பயன்படுவது இதுதான். இளமையும் ஓட்டப் பயிற்சியும் உள்ளவர்கள் இதைச் சா-சா-சாவோடு சேர்த்துத் தொடங்கலாம். சின்ன இடமே போதும்.

## உங்கள் நிலைக்கு எது?

ஆறு மாதத்தில் ஒரு தொடக்கநிலைப் போட்டியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பவர் சா-சா-சாவையும் ரும்பாவையும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் நேரத்தில் பெரும்பங்கை ரும்பாவுக்கே ஒதுக்கட்டும். நிலையான இணை இன்னும் கிடைக்காதவருக்கும் இதே பரிந்துரைதான், ஏனெனில் இரண்டிலும் தனியாக முன்னேற வழி உண்டு. இணை கிடைக்கும்வரை காத்திருந்து ஓராண்டை வீணாக்குவோரைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. ரும்பா நடைக்கும் சா-சா-சாவில் கால்களைக் குறுக்கே பூட்டி வைக்கும் லாக் ஸ்டெப்புக்கும் இணை தேவையில்லை.

பரதநாட்டியம் பயின்று வருபவர்களுக்குத் தாளத்தில் சிக்கல் இராது. சாம்பாவின் கால் பங்கு அவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவில் வசப்படும். தட்டி ஆடிய பாதம் பாசோவின் அப்பெலுக்கு உதவும். அரைமண்டியில் மடங்கியே பழகிய முழங்காலும், இடுப்பு அசையாமல் ஆடிய பழக்கமும்தான் தடை. அதை நேரடியாக எதிர்கொள்ள ரும்பாவைத் தவிர வேறு இடம் இல்லை.

வட அமெரிக்காவில் இருப்பவர்கள் அருகிலுள்ள போட்டிகள் எந்தப் பாணியைச் சேர்ந்தவை என்று முதலில் விசாரிக்க வேண்டும். அங்கு வழங்கும் அமெரிக்கன் ரிதம் பிரிவில் சாம்பாவும் பாசோவும் இல்லை. சா-சா, ரும்பா, ஸ்விங், பொலேரோ, மாம்போ ஆகிய ஐந்தே உள்ளன. அங்குள்ள ரும்பா சதுர அடியைத் தக்கவைத்துக்கொண்டது. முழங்காலைப் பயன்படுத்தும் முறையும் வேறு என்பதால், இரண்டையும் ஒரே ஆண்டில் கலந்து கற்பது இரண்டையும் கெடுக்கும்.

கடைசியாக, இணையாக வருபவர்களிடம் அடிக்கடி எழும் கருத்து வேறுபாடு. ஒருவருக்கு ஜைவ் மீது ஆசை, மற்றவருக்கு ரும்பா மீது ஆசை என்றால், இருவரில் வழிநடத்த வேண்டியவருக்கு எது எளிதோ அதையே முதல் ஆறு மாதங்களுக்கு எடுங்கள். வழிநடத்துபவருக்கு அடிகள் மட்டுமல்லாமல் அடுத்து என்ன என்ற யோசனையும் சேர்ந்து சுமையாகிறது; வேகமான இசையில் அந்தச் சுமை இணையின் தோளைப் பிடித்து இழுப்பதாக மாறுகிறது. ரும்பாவின் மெதுவான தாளத்தில் யோசிக்க இடமுண்டு. அங்கே கையழுத்தத்தால் பேசப் பழகிய பின், அதே ஜோடி ஜைவுக்குப் போகும்போது வேகத்தை மட்டும் சமாளித்தால் போதும்.